பல நோய் ஒண்ணா இருக்கிற எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு ஈசிஎச்எஸ்ல வைத்தியத்தை ஒருங்கிணைக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்ல ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன் இருந்து அவருக்கு சுகர், பிபி, ஹார்ட், கிட்னின்னு ரெண்டு மூணு சேர்ந்து இருந்தா அவரைப் பார்க்கிற டாக்டர்களுக்குக் குறைச்சலே இருக்காது. பாலிகிளினிக்ல ஒரு எம்ஓ (மெடிக்கல் ஆபீசர்), எம்பேனல் ஆஸ்பத்திரியில, அதாவது திட்டத்தோட லிஸ்ட்டுல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில, ஹார்ட்டுக்கு ஒருத்தர் கிட்னிக்கு ஒருத்தர், கண்ணுக்கு வேற ஆஸ்பத்திரி, ராத்திரி காய்ச்சல்னா தெருமுனை கிளினிக், எப்பவாவது மிலிட்டரி ஆஸ்பத்திரி. இதுல யாரையும் குறை சொல்ல முடியாது, அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்க்கிறாங்க, ஆனா ஒருத்தர் எழுதினது இன்னொருத்தர் கண்ணுல படுறதே இல்ல, அதுதான் பிரச்சனை. எங்க அப்பா ஹவில்தாரா ரிட்டயர் ஆனவர், அவரோட ஃபைலைப் பல வருஷமா நான்தான் பார்த்துக்கிறேன், அக்கம்பக்கத்து பட்டாளத்து வீடுகளுக்கும் இந்த வேலையில கூடமாட நின்னிருக்கேன். அதுல தெரிஞ்சதை வரிசையா எழுதுறேன். சுருக்கமா சொல்லணும்னா மூணுதான்: ஒரே ஃபைல், நடுவுல ஒரே டாக்டர், வீட்ல பொறுப்பா ஒரே ஆள். இந்த மூணும் அமைஞ்சுட்டா பாதி அலைச்சல் குறையும், ஆபத்தும் குறையும்.

முதல்ல இது எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கோங்க

ஈசிஎச்எஸ்ங்கிறது எக்ஸ் சர்வீஸ்மேனுக்கும் குடும்பத்துக்கும் அரசாங்கம் நடத்துற மருத்துவத் திட்டம், ஆரம்பிச்சது 2003 ஏப்ரல் 1. பாதுகாப்பு அமைச்சகத்துல முன்னாள் படைவீரர் நலத்துறைக்குக் கீழ வருது. நாடு முழுக்க 400-க்கு மேல பாலிகிளினிக் இருக்கு. ரிட்டயர் ஆகும்போது ஒரே தடவை பணம் கட்டணும், 2017 கடைசியில மாத்தின கணக்குப்படி சிப்பாய்ல இருந்து ஹவில்தார் வரைக்கும் 30,000, நாயப் சுபேதார்ல இருந்து சுபேதார் மேஜர் வரைக்கும் 67,000, ஆபீசர்னா 1,20,000 ரூபாய். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் பிரீமியம் கிடையாது. மனைவிக்கும் உண்டு, நிபந்தனைக்கு உட்பட்டு பிள்ளைங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் உண்டு.

பாலிகிளினிக்ங்கிறது முதல் வாசல். அங்க எம்ஓ பார்ப்பார், சாதாரண லேப், பல் டாக்டர், மருந்து கவுண்டர் இருக்கும், பெரிய பாலிகிளினிக்னா மெடிக்கல் ஸ்பெஷலிஸ்ட்டும் இருப்பார். அதுக்கு மேல வேணும்னா ரெஃபரல் போட்டு மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கோ எம்பேனல் ஆன தனியார் ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவாங்க. நம்ம பக்கம் சென்னையிலயும் வெலிங்டன்லயும் மிலிட்டரி ஆஸ்பத்திரி இருக்கு, அதுக்கும் மேலன்னா பெங்களூர் ஏர்ஃபோர்ஸ் கமாண்ட் ஆஸ்பத்திரி. தனியார் ஆஸ்பத்திரி பில்லை நம்ம கிட்ட வாங்காது, சிஜிஎச்எஸ் ரேட்டுல, அதாவது மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்துக்கு வெச்ச ரேட்டுல, ஆன்லைன்ல அரசாங்கத்துக்கு அனுப்பிடும்.

இங்க ஒரு விஷயத்தை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. பாலிகிளினிக்ல வேலை பார்க்கிற டாக்டர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்க. இந்த வருஷம் உங்க அப்பாவை நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கிற எம்ஓ அடுத்த வருஷம் அந்த நாற்காலியில இருப்பாரான்னு சொல்ல முடியாது. எம்பேனல் ஆஸ்பத்திரியும் அப்படித்தான், லிஸ்ட்டுல சேரும், வெளிய போகும். மாறாம கூடவே இருக்கப்போறது நீங்களும் உங்க கையில இருக்கிற ஃபைலும்தான். அதனாலதான் எல்லாத்துக்கும் முன்னாடி ஃபைலைப் பத்திச் சொல்றேன்.

படி 1: ஃபைல்

ஸ்டேஷனரி கடையில பிளாஸ்டிக் கவர் வெச்ச கிளியர் ஃபைல் கிடைக்கும், அது ஒண்ணு போதும். பாலிதீன் பையில பழைய சீட்டு, ஸ்கேன் கவர், கேன்டீன் பில் எல்லாத்தையும் கலந்து கட்டித் தூக்கிட்டுப் போறதை முதல்ல நிறுத்துங்க. எந்த டாக்டருக்கும் அதைப் பிரிச்சுப் பார்க்க நேரம் இருக்காது.

ஃபைலோட முதல் பக்கம்தான் உயிர். ஒரே ஒரு பக்கம், கையால எழுதினாலும் சரி. மேல பேர், வயசு, ரத்த குரூப், ஈசிஎச்எஸ் கார்டு நம்பர், எந்த பாலிகிளினிக், வீட்ல யாரைக் கூப்பிடணும்ங்கிற போன் நம்பர். அதுக்குக் கீழ நோய்களோட பட்டியல், ஒவ்வொண்ணும் எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு. அப்புறம் ஆபரேஷன், ஸ்டென்ட், பேஸ்மேக்கர், உடம்புல இருக்கிற பிளேட், குண்டுத் துணுக்கு, எதுவா இருந்தாலும் எழுதுங்க. துணுக்குன்னு நான் சும்மா சொல்லல, உடம்புல உலோகம் இருக்கிறது எம்ஆர்ஐ எடுக்கிறவங்களுக்கு கண்டிப்பா தெரியணும், முப்பது வருஷத்துக்கு முந்தின காயத்தை அவர் மறந்தே போயிருப்பார். அலர்ஜி எதுவும் இருந்தா சிவப்பு மையில எழுதுங்க. கடைசியா எடுத்த கிரியேட்டினின் (கிட்னிக்கு), எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), எக்கோ (ஹார்ட்டுக்கு) ரிசல்ட் மூணையும் தேதி போட்டு எழுதுங்க.

ரெண்டாவது பக்கம் மருந்துப் பட்டியல், அதுக்குத் தனியா வர்றேன். அதுக்குப் பின்னாடி டிஸ்சார்ஜ் சம்மரிகள், புதுசு மேல பழசு கீழ. அப்புறம் லேப் ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட். கடைசிக் கவர்ல ஈசிஎச்எஸ் ஸ்மார்ட் கார்டு ஜெராக்ஸ், பட்டாளத்துல குடுத்த டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸ், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) ஜெராக்ஸ், ரிலீஸ் ஆகும்போது நடந்த மெடிக்கல் போர்டு பேப்பர் இருந்தா அதோட ஜெராக்ஸும். அந்த போர்டு பேப்பர்ல சர்வீஸ்லயே ஆரம்பிச்ச பிபி, காது கேட்காம போனது, முதுகு வலி எல்லாம் இருக்கும். பீரங்கிப் படையில இருந்தவர்களுக்கு காதும், பனிமலையில இருந்தவர்களுக்கு கால் விரலும் எப்படி இருக்குன்னு பார்க்கிற டாக்டருக்கு அது உதவியா இருக்கும், சிவிலியன் டாக்டர் இதையெல்லாம் தானா கேட்க மாட்டார்.

எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து ஒரு தனி வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வைங்க, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி மட்டும் இருக்கிற குரூப். குட் மார்னிங் மெசேஜ் அதுல வேண்டாம்.

படி 2: மாத்திரைப் பையைத் தரையில கொட்டுங்க

இந்த ஒரு படியை மட்டும் செஞ்சாலே போதும்னு சொல்ற அளவுக்கு முக்கியம். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில உட்காருங்க. பாலிகிளினிக்ல குடுத்தது, ஆஸ்பத்திரியில எழுதினது, மெடிக்கல் ஷாப்ல தானா வாங்கினது, ஃபிரிட்ஜ்ல இருக்கிற இன்சுலின், அலமாரியில இருக்கிற லேகியம், தைலம், எல்லாத்தையும் ஒரு பாயில கொட்டுங்க.

நான் ஒரு வீட்ல, ரிட்டயர்டு நாயக் ஒருத்தர், அவரோட பையைக் கொட்டினப்போ மூணு வேற வேற கலர் அட்டை வெளிய வந்துச்சு, ஒண்ணு பச்சை ஒண்ணு நீலம் ஒண்ணு வெறும் சில்வர், மேல பெரிய எழுத்துல மூணு வேற பேர். அட்டையைத் திருப்பி பின்னாடி பொடி எழுத்தைப் படிச்சா மூணுலயும் டெல்மிசார்டன் 40, அதே பிபி மாத்திரை. ஒண்ணு பாலிகிளினிக்ல போன மாசம் குடுத்தது, இன்னொண்ணு இந்த மாசம் வேற கம்பெனி சப்ளை வந்ததால வேற அட்டை, மூணாவது ஆஸ்பத்திரியில எழுதி வெளிய வாங்கினது. மனுஷன் ஒழுங்கா, எழுதினபடி, மூணையும் தினம் போட்டிருக்கார். காலையில எழுந்து நின்னா தலை சுத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தார், அதுக்கும் ஒரு மாத்திரை அந்தப் பையில இருந்துச்சு!

அதனால பிராண்ட் பேரைப் பார்க்காதீங்க, மருந்தோட பேரைப் பாருங்க. பாலிகிளினிக்ல வர்ற மருந்து சப்ளையைப் பொறுத்து மாசத்துக்கு மாசம் கம்பெனி மாறும், கலர் மாறும், வடிவம் மாறும். பட்டியல் எழுதும்போது நாலு கட்டம் போடுங்க: மருந்து பேர் மில்லிகிராமோட, எதுக்காக, எப்போ எத்தனை, எந்த டாக்டர் எப்போ ஆரம்பிச்சார். "எதுக்காக"ங்கிற கட்டம் காலியா இருக்கிற மருந்து எதுவோ அதைப் பத்திதான் அடுத்த தடவை டாக்டர் கிட்ட முதல் கேள்வி. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, கேட்டு நிறுத்துங்க.

குறிப்பா பார்க்க வேண்டிய சில சேர்க்கைகள் இருக்கு. பட்டாளத்துல இருந்து வந்தவங்களுக்கு முட்டி வலி, முதுகு வலி ரொம்ப சகஜம், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைக் கடையில கேட்டு வாங்கிப் போட்டுக்குவாங்க, அது அவங்களைப் பொறுத்தவரை மருந்துக் கணக்குலயே வராது. அவர் ஏற்கனவே பிபிக்கு டெல்மிசார்டன் இல்ல எனாலபிரில் போடுறவரா இருந்து, நீர் பிரியுறதுக்கு ஃப்ரூஸமைட் மாதிரி ஒண்ணும் போடுறவரா இருந்தா, அது கூட வலி மாத்திரையும் சேர்ந்தா கிட்னிக்கு மூணு பக்கமும் அடி. வாந்தி பேதி வந்து உடம்புல நீர் குறைஞ்ச நாள்ல இது இன்னும் மோசம். இதுல கொடுமை என்னன்னா ஹார்ட் டாக்டர் ஒண்ணு எழுதியிருப்பார், எலும்பு டாக்டர் ஒண்ணு எழுதியிருப்பார், தனித்தனியா பார்த்தா ரெண்டும் சரியாத்தான் இருக்கும்.

மெட்ஃபார்மினும் அப்படித்தான், கிட்னி வேலை செய்யுற அளவு, அதாவது ஈஜிஎஃப்ஆர், 45-க்குக் கீழ போனா டோஸைத் திரும்ப யோசிக்கணும், 30-க்குக் கீழன்னா நிறுத்தணும். சுகர் மாத்திரை எழுதுற டாக்டர் கிட்ட கிட்னி ரிப்போர்ட் இருந்தாதான் அவருக்கு இது தெரியும், அதைக் கொண்டுபோய்க் காட்டுறது நம்ம வேலை. பிபிக்கும் ஹார்ட்டுக்கும் மெட்டோப்ரோலால் மாதிரி மருந்து போடுறவருக்கு லோ சுகர் ஆனாலும் படபடப்பு, கை நடுக்கம் தெரியாம போகலாம், வியர்வை மட்டும் தெரியும், வீட்ல இருக்கிறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும். சுகர் 70-க்குக் கீழ போனா உடனே மூணு ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணியில கலக்கிக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட் பண்ணுங்க, நினைவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க. ஸ்டென்ட் வெச்சு, ரத்தம் உறையாம இருக்க குளோபிடோக்ரல் போடுறவர் பல் பிடுங்கப் போனா, பாலிகிளினிக் பல் டாக்டர் கிட்ட முதல் வார்த்தையா அதைச் சொல்லணும், "நாமளே ரெண்டு நாள் நிறுத்திட்டுப் போயிடலாம்"னு நிறுத்தவே கூடாது, ஸ்டென்ட் அடைச்சுக்கும்.

படி 3: வீட்ல ஒரே ஆள்

இந்த மாசம் அண்ணன், அடுத்த மாசம் மருமகன், அதுக்கடுத்த மாசம் பக்கத்து வீட்டு தம்பின்னு ஆள் மாறி ஆள் கூட்டிட்டுப் போனா டாக்டர் போன தடவை சொன்னது யாருக்கும் தெரியாது. கூட்டிட்டுப் போறது யாரா வேணா இருக்கட்டும், ஃபைலும் மருந்துப் பட்டியலும் ஒருத்தர் பொறுப்பு. வெளியூர்ல இருக்கிற பிள்ளையா இருந்தாலும் பரவாயில்ல, போன்ல இருந்துக்கலாம், டாக்டர் முன்னாடி ஸ்பீக்கர் போட்டு ரெண்டு நிமிஷம் பேசலாம்.

அம்மா மேல மட்டும் இதைப் போடாதீங்க. நிறைய வீட்ல அவங்கதான் மாத்திரை எடுத்துக் குடுக்கிறாங்க, ஆனா அவங்களுக்கே சுகர் இருக்கும், கண்புரை இருக்கும், இங்கிலீஷ்ல இருக்கிற பொடி எழுத்தைப் படிக்க முடியாது. வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு மூணு நாலு கட்டம் இருக்கிற மாத்திரை டப்பா மெடிக்கல் ஷாப்ல கிடைக்குது, ஞாயித்துக்கிழமை பொறுப்பு எடுத்தவர் வந்து நிரப்பி வெச்சுட்டா போதும். வெளியூர்ல இருந்தா வீடியோ கால்ல பார்த்துக்கிட்டே நிரப்ப வைக்கலாம்.

படி 4: எம்ஓவை நடுவுல வைங்க

பெரும்பாலானவங்க எம்ஓவை ரெஃபரல் எழுதுற ஆளாத்தான் பார்க்கிறாங்க. "சார், கார்டியாலஜி ரெஃபரல்"னு கேட்டு வாங்கிட்டு ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்துடுறாங்க. கூட்டம் அப்படி, டோக்கன் அப்படி, எனக்கும் புரியுது. ஆனா எல்லா ஸ்பெஷலிஸ்ட் சீட்டையும் ஒண்ணா பார்க்கிற இடம் மொத்த அமைப்புலயும் அந்த ஒரு மேஜைதான் இருக்கு. ஹார்ட் டாக்டர் ஹார்ட்டைப் பார்ப்பார், கிட்னி டாக்டர் கிட்னியைப் பார்ப்பார், ரெண்டு சீட்டும் மோதுதான்னு பார்க்க வேண்டியவர் எம்ஓ.

அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது ரெஃபரல் கேட்காம, மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கவே ஒரு விசிட் போங்க. மாசத் தொடக்கத்துலயும் திங்கட்கிழமையும் கூட்டம் அதிகம், வாரத்து நடுவுல மதியத்துக்கு முன்னாடி கொஞ்சம் லேசா இருக்கும், உங்க பாலிகிளினிக்ல எந்த நேரம்னு மருந்து கவுண்டர்ல இருக்கிறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. முடிஞ்சவரைக்கும் ஒரே எம்ஓ கிட்ட போங்க. உள்ள போனதும் கதை சொல்லாதீங்க, முதல் பக்கத்தை நீட்டுங்க, மூணு கேள்வி மட்டும் கேளுங்க: இதுல ஒண்ணோட ஒண்ணு சேரக்கூடாத மருந்து இருக்கா, நிறுத்த வேண்டியது எதுவும் இருக்கா, அடுத்து எந்த டெஸ்ட் எப்போ எடுக்கணும். பதிலைப் பட்டியல்லயே எழுதித் தேதி போட்டு அவர் கிட்ட ஒரு சின்னக் கையெழுத்து வாங்கிக்கோங்க. அந்தக் கையெழுத்து இருந்தா ஸ்பெஷலிஸ்ட்டும் அந்தப் பட்டியலை மதிச்சுப் பார்க்கிறார், இதை நான் பல தடவை பார்த்திருக்கேன்.

மருந்து ஸ்டாக் இல்லன்னா என்ஏ (நாட் அவைலபிள்) ஸ்லிப் கேட்டு வாங்குங்க, வெளிய வாங்கின பில்லோட சேர்த்துக் குடுத்தா பணம் திரும்ப வரும். மருந்து இல்லன்னு சும்மா வீட்டுக்கு வந்துடாதீங்க, ஒரு வாரம் பிபி மாத்திரை விட்டுப்போனதுல பக்கவாதம் வந்த வீடு எங்க தெருவுலயே இருக்கு. கவுண்டர்ல சரியா பதில் வரலன்னா பாலிகிளினிக் பொறுப்பு ஆபீசர் ஓஐசி கிட்ட போங்க, பெரும்பாலும் அவரும் ரிட்டயர்டு ஆபீசர்தான், நிதானமா எடுத்துச் சொன்னா காது குடுத்துக் கேட்பார்.

படி 5: ரெஃபரலும் ஆஸ்பத்திரியும்

முடிஞ்சா எல்லா ஸ்பெஷாலிட்டியும் இருக்கிற ஒரே எம்பேனல் ஆஸ்பத்திரியைப் பிடிச்சுக்கோங்க. ஹார்ட்டுக்கு ஒரு ஊர், கிட்னிக்கு ஒரு ஊர்னு போனா பேப்பர் சேராது. ஒரே ஆஸ்பத்திரியில ஒரே நம்பர் இருந்தா ஹார்ட் டாக்டர் கம்ப்யூட்டர்ல கிட்னி டாக்டர் எழுதினது தெரிய வாய்ப்பாவது இருக்கு. ஆனா போறதுக்கு முன்னாடி அந்த டிபார்ட்மென்ட்டுக்கு எம்பேனல் இருக்கான்னு பாலிகிளினிக்லயே கேளுங்க, ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் இருக்கும்னு நினைச்சுப் போய் திரும்பி வந்தவங்க உண்டு.

ரெஃபரல்ல "ஃபார் ரிவ்யூ"ன்னு மட்டும் எழுதி வாங்கிட்டு வராதீங்க. என்ன கேள்விக்காக அனுப்புறாங்கன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க, உதாரணத்துக்கு "கிரியேட்டினின் 1.4-ல இருந்து 1.9 ஆயிருக்கு, பிபி மருந்து மாத்தணுமா". இந்த ஒரு வரி இருந்தா ஸ்பெஷலிஸ்ட் நேரா விஷயத்துக்கு வருவார். ஸ்லிப்ல எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பார்த்து போன்ல அலாரம் வைங்க, டயாலிசிஸ், கேன்சர் மாதிரி தொடர் வைத்தியத்துல ரெஃபரல் முடிஞ்சு போய் வாசல்ல நிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

வயசுல மூத்தவங்க ரெஃபரல் இல்லாமலே எம்பேனல் ஆஸ்பத்திரி ஓபிக்கு நேரா போகலாம்னு சலுகை இருக்கு, உங்க அப்பா வயசுக்கு வருமான்னு கவுண்டர்ல கேட்டுக்கோங்க. நல்ல சலுகைதான், ஆனா நேரா போகப் போக எம்ஓ மேஜைக்கு அந்த பேப்பர் வராமலே போயிடும். அதனால ஒவ்வொரு தடவையும் ஸ்பெஷலிஸ்ட் சீட்டோட ஜெராக்ஸை மருந்து வாங்கப் போகும்போது எம்ஓ கிட்ட காட்டிடுங்க.

சின்ன சந்தேகத்துக்கெல்லாம் பஸ் ஏற வேண்டாம்னா செஹத் ஓபிடின்னு ராணுவ மருத்துவ சேவையோட ஆன்லைன் கன்சல்டேஷன் இருக்கு, 2021 மே மாசம் ஆரம்பிச்சது, வீட்ல இருந்தே வீடியோல டாக்டர் கிட்ட பேசலாம்.

படி 6: டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரம்

தப்பு அதிகமா நடக்கிறது இங்கதான். ஆஸ்பத்திரியில நாலு மருந்தை மாத்தியிருப்பாங்க, வீட்டுக்கு வந்ததும் பழைய டப்பாவுல இருந்து பழசும் புதுசும் சேர்ந்து உள்ள போகும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில் கவுண்டர் அவசரத்துல ஓடாதீங்க, வார்டுலயே நின்னு டியூட்டி டாக்டர் கிட்ட பழைய பட்டியலை நீட்டி ஒவ்வொண்ணா கேளுங்க: இது தொடரணுமா, நிறுத்தணுமா, டோஸ் மாறுதா. நிறுத்தினதைக் கோடு போட்டு அடிங்க, வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையை டப்பாவுல இருந்து எடுத்துடுங்க, "இருக்கட்டும், பின்னாடி உதவும்"னு வைக்காதீங்க. ஒரு வாரத்துக்குள்ள எம்ஓவைப் பார்த்து புதுப் பட்டியல் போடுங்க. ஹார்ட் ஃபெயிலியர்னா தினம் காலையில எடை பாருங்க, ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சாப்பாட்டுல ஏறினது இல்ல, நீர் கட்டுது, அன்னிக்கே போன் பண்ணுங்க.

படி 7: எமர்ஜென்சி

ரெஃபரல் தேவையில்ல. நெஞ்சுவலி, வாய் கோணுறது, கை கால் இழுக்கிறதுன்னா பக்கத்துல எது இருக்கோ அங்க போங்க, உயிர்தான் முதல்ல. எம்பேனல் ஆஸ்பத்திரின்னா கார்டைக் காட்டினா மீதியை அவங்க ஆன்லைன்ல பார்த்துக்குவாங்க. எம்பேனல் இல்லாத ஆஸ்பத்திரின்னா 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லணும், போன்ல சொன்னதோட நிக்காம எழுத்துலயும் அனுப்பி வைங்க, அனுப்பினதுக்கு ஆதாரம் வெச்சுக்கோங்க. பில், ரிப்போர்ட், எமர்ஜென்சின்னு டாக்டர் எழுதின சர்டிபிகேட், எல்லாத்தோட ஒரிஜினலும் வேணும். திரும்பக் கிடைக்கிறது சிஜிஎச்எஸ் ரேட்டுலதான், கட்டின முழுப் பணமும் வராதுங்கிறதை முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபைல் எங்கன்னு தேடக்கூடாது. முதல் பக்கத்தோட ஒரு ஜெராக்ஸ் பீரோ கதவுல உள்பக்கம் ஒட்டி வைங்க, இன்னொண்ணு அவர் பர்ஸ்ல.

படி 8: டெஸ்ட் காலண்டர்

தினசரி காலண்டர்லயே குறிச்சுடுங்க. சுகர் கட்டுல இல்லன்னா மூணு மாசத்துக்கு ஒரு எச்பிஏ1சி, கட்டுல இருந்தா ஆறு மாசத்துக்கு ஒண்ணு. கிரியேட்டினின், யூரின்ல ஆல்புமின், விழித்திரை சோதனை, கால் பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு பார்க்கிறது, கொழுப்பு, இதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, கிட்னி ஏற்கனவே குறைஞ்சிருந்தா டாக்டர் சொல்ற இடைவெளியில. சிடி ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் (படம் தெளிவா தெரிய ஏத்துற மருந்து) போடப்போறோம்னு சொன்னா கிட்னி ரிப்போர்ட்டை முதல்ல காட்டுங்க.

படி 9: அவர் சொல்லாததை நீங்க கேளுங்க

பட்டாளத்துல இருபது வருஷம் இருந்தவர் வலின்னா "ஒண்ணுமில்ல, டீக் ஹை"ன்னுதான் சொல்லுவார். சிக் ரிப்போர்ட் போனா மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு இருந்த பழக்கம் அறுபது எழுபது வயசுலயும் போறதில்ல. டாக்டர் முன்னாடி நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து மாடிப்படியில மூச்சு வாங்குவார். அதனால போறதுக்கு முந்தின நாள் நீங்களே பார்த்ததை எழுதிட்டுப் போங்க: எத்தனை தலகாணி வெச்சுத் தூங்குறார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், எங்க தடுமாறினார், காது எந்தப் பக்கம் கேட்கல. காது கேட்காததால டாக்டர் சொன்னதைப் பாதி புரிஞ்சுக்கிட்டு தலையாட்டுறவங்க நிறைய பேர், அது மறதின்னு வீட்ல தப்பா நினைச்சுடுவாங்க.

கேன்டீன் கோட்டாவைப் பத்தியும், அதாவது அங்க வாங்கிக் குடிக்கிற சரக்கைப் பத்தியும், டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லுங்க. தினம் எவ்வளவுங்கிறது தெரியாம சுகர் மருந்தோ தூக்க மாத்திரையோ எழுதினா அது ஆபத்து. மரியாதைக் குறைவா ஆயிடும்னு நினைச்சா அவர் வெளிய போனப்புறம் தனியா சொல்லுங்க.

அப்புறம் தூக்கம். ராத்திரி கத்தி எழுந்திருக்கிறது, சத்தம் கேட்டா திடுக்கிடுறது, யார் கூடயும் பேசாம உட்கார்ந்திருக்கிறது, இதையெல்லாம் "அவர் குணமே அப்படி"ன்னு விட்டுடாதீங்க. மனசு சரியில்லன்னா சுகரும் பிபியும் கட்டுல வராது, மாத்திரையும் ஒழுங்கா போட மாட்டாங்க. பாலிகிளினிக்ல சைக்கியாட்ரி ரெஃபரல் கேட்கலாம், அதுக்கு அவர் சம்மதிக்கலன்னா டெலி மானஸ் 14416 இருக்கு, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம், முதல்ல நீங்க கூப்பிட்டு எப்படிப் பேச்சை எடுக்கிறதுன்னு கேட்டுக்கலாம்.

பாலிகிளினிக் தூரமா இருந்தா

நிறைய பேருக்கு பாலிகிளினிக் போக ரெண்டு பஸ் மாறணும். அவங்களுக்கு நம்ம மாநிலத்தோட மக்களைத் தேடி மருத்துவம் பெரிய துணை. 2021 ஆகஸ்ட் 5 கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சது, சுகர் பிபி மருந்து வீட்டுக்கே வருது, பிசியோதெரபி, படுக்கையில இருக்கிறவங்களுக்கு வலி தணிக்கிற சிகிச்சை எல்லாம் உண்டு. ஈசிஎச்எஸ் இருக்கிறவங்க இதை நமக்கில்லைன்னு விட்டுடுறாங்க, அப்படி விட வேண்டியதில்ல. ஒண்ணே ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒரே மருந்து வாங்கி ரெண்டையும் போட்டுடக்கூடாது, மாத்திரை எந்தப் பக்கம்னு முடிவு பண்ணி மத்தவங்க கிட்ட சொல்லிடுங்க. வீட்டுக்கு வர்ற சுகாதாரத் தன்னார்வலர் அக்கா கிட்ட பிபியும் சுகரும் பார்த்து உங்க ஃபைல்ல எழுதச் சொல்லுங்க, எம்ஓவுக்கு அந்த எண்கள் தங்கம்.

கால் இழந்தவங்களுக்கு புனேல 1944-ல இருந்து இருக்கிற செயற்கை அவயவ மையம், முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு கிர்க்கியிலயும் மொஹாலியிலயும் இருக்கிற மறுவாழ்வு மையம், இதெல்லாம் கேட்டாதான் வழி காட்டுவாங்க. பென்ஷன் இல்லாம வெளிய வந்தவங்க வைத்திய உதவித்தொகைக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்துல விண்ணப்பிக்கலாம்.

முன்னாள் படைவீரர் சங்கத்துல இருக்கிறவங்களுக்கு

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். இந்த மாதிரி ஊர்கள்ல ஆர்மி மெடிக்கல் கோர்ல நர்சிங் அசிஸ்டன்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவர் யாராவது ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். சங்கத்துக் கூட்டத்துல மாலை, பொன்னாடை எல்லாம் போடுறோம், நல்லதுதான், அதோட மாசத்துக்கு ஒரு நாள் அவரை உட்கார வெச்சு எல்லார் மாத்திரைப் பையையும் சரிபார்க்க ஏற்பாடு பண்ணுங்க. அவர் மருந்தை மாத்தப்போறதில்ல, ஒரே மருந்து ரெண்டு தடவை இருக்கா, காலாவதி ஆயிடுச்சா, பட்டியல் எழுதியிருக்கான்னு பார்த்து, சந்தேகமானதை எம்ஓவுக்குச் சீட்டு எழுதி அனுப்புவார். ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸ்ல (அந்தப் பகுதி ராணுவ அலுவலகம்) இருந்து குறை கேட்க வரும்போது கேன்டீன் சாமானைப் பத்தி மட்டும் பேசாம, பழைய நோயாளிகளுக்குன்னு வாரத்துல ஒரு நாள் தனி டோக்கன், ஒரே எம்ஓன்னு கேளுங்க. இதுக்குப் பெருசா செலவே கிடையாது.

அம்மாவுக்கும் ஒரு ஃபைல்

இதைக் கடைசியில எழுதினாலும் இன்னிக்கே ஆரம்பிங்க. அப்பா ஃபைல் தடிமனா இருக்கிற வீட்ல அம்மாவுக்கு ஒரு சீட்டு கூட இருக்காது, அவரைக் கூட்டிட்டுப் போன நாள்ல இவங்க பிபியைப் பார்த்திருக்க மாட்டாங்க. ரெண்டு பேர் டோக்கனும் ஒரே நாள்ல போடுங்க. மருந்து டப்பா ரெண்டு, வேற வேற கலர்ல, பேர் எழுதி. அம்மா பேர்ல ஸ்மார்ட் கார்டு இருக்கா, அதுல பேர், பிறந்த தேதி பிபிஓல இருக்கிற மாதிரியே இருக்கா, ஆதார்ல ஒத்துப்போகுதான்னு இப்பவே சரிபாருங்க. அவர் இல்லாத காலத்துலயும் குடும்ப பென்ஷன் வாங்குற மனைவிக்கு ஈசிஎச்எஸ் தொடரும், ஆனா கார்டை அவங்க பேருக்கு மாத்த இறப்புச் சான்றிதழ், பிபிஓ, ஆதார் எல்லாம் கேட்பாங்க, அதுல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் ஏதாவது ஒரு ஆபீஸ்ல நிறுத்தி வெச்சுடுவாங்க. இப்ப அவர் கையெழுத்துப் போட முடியுற காலத்துல அந்த எழுத்துப் பிழையைத் திருத்துறது ரெண்டு விசிட் வேலை.